கட்டுமானக் கம்பெனிக்கு எஸ்பிஓ தாக்கல்: பங்குதாரர் பட்டியலில் தொடங்கி பென்-2 ரசீது வரை

மூன்றாவது மாடித் தளத்துக்கு சென்ட்ரிங் அடித்து, கம்பியும் கட்டி முடித்திருந்தோம். அந்த வாரம் கான்கிரீட் போட வேண்டும். வங்கியிலிருந்து வரவேண்டிய அடுத்த தவணை மட்டும் வரவில்லை. போய்க் கேட்டால், "உங்க கம்பெனியோட பென்-2 ரசீது எங்கே? நீங்க கொடுத்த உரிமையாளர் விவரத்துக்கும் கம்பெனிப் பதிவாளர்கிட்ட இருக்கிறதுக்கும் பொருந்தலையே" என்றார்கள். அப்படி ஒரு படிவம் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அதைச் சரிசெய்து முடிக்க 47 நாள் ஆனது. பலகைக்கும் முட்டுக்கும் வாடகை நாள் கணக்கில் ஓடியது. கட்டிய கம்பி மழையில் நனைந்து துருவேறி, மறுபடி பிரஷ் போட்டுத் தேய்க்க ஆள் வைக்க வேண்டியதாயிற்று.

உங்களுக்கு அந்த நிலை வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். இந்தியாவில் பதிவான பிரைவேட் லிமிடெட் கம்பெனியாகக் கட்டுமானத் தொழில் செய்பவர்களுக்கானது இது. அடிப்படை: 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 90ஆவது பிரிவு, 2018இல் வந்த விதிகள், 2019 பிப்ரவரி 8இல் வந்த திருத்தம். கம்பெனியின் பங்கு எந்தெந்தப் பெயரில் இருந்தாலும், பின்னால் இருந்து உண்மையில் பயன்பெறுகிற அல்லது ஆட்டிவைக்கிற மனிதர் யார் என்று அரசுக்குச் சொல்ல வேண்டும் என்பதே இதன் சாரம். சட்டம் அவருக்கு வைத்திருக்கும் நீளமான பெயரை (சிக்னிஃபிகன்ட் பெனிஃபிஷியல் ஓனர்) ஆடிட்டர் அலுவலகங்களில் யாரும் சொல்வதில்லை, எஸ்பிஓ என்பார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். எஸ்பிஓ யார் என்று கம்பெனி பதிவாளரிடம் தாக்கல் செய்யும் படிவம்தான் பென்-2.

1. பங்குதாரர் பட்டியலை எடுத்து, மனிதர் அல்லாத பெயர்களை வட்டமிடுங்கள்

படிவத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தொடங்காதீர்கள். நான் அப்படித் தொடங்கித்தான் முதல் பத்து நாளை வீணாக்கினேன். கம்பெனியின் உறுப்பினர் பதிவேட்டை எடுங்கள். அதில் 10 சதவீதமும் அதற்கு மேலும் வைத்திருப்பவர்களில், தனிமனிதர் அல்லாத பெயர் ஏதாவது உண்டா? வேறொரு கம்பெனி, எல்எல்பி (பார்ட்னர்களின் பொறுப்புக்கு வரம்பு உள்ள கூட்டு நிறுவனம்), டிரஸ்ட், இந்துக் கூட்டுக் குடும்பம், எதுவானாலும் வட்டமிடுங்கள்.

பங்கு முழுக்கத் தனிமனிதர்கள் பெயரில், அவரவர் சொந்தப் பணத்தில், அவரவருக்காகவே இருக்கிறதா? வெளியிலிருந்து வேறு யாரும் கம்பெனியை நடத்தவும் இல்லையா? அப்படியானால் பெரும்பாலும் உங்களுக்கு பென்-2 வேலை இல்லை. நேரடியாக மட்டும் பங்கு வைத்திருப்பவர், 90 சதவீதமே வைத்திருந்தாலும், எஸ்பிஓ ஆக மாட்டார். அவர் பெயர்தான் பதிவேட்டிலேயே இருக்கிறதே. இது புரியாமல் எம்.டி. பெயரைப் போட்டுத் தேவையில்லாமல் தாக்கல் செய்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

2. ஒவ்வொரு வட்டத்துக்கும் பின்னால் இருக்கும் ஆளைக் கண்டுபிடியுங்கள்

வேலையின் பாதி இந்த இடத்தில்தான் இருக்கிறது. பங்கு, வாக்குரிமை, பங்காதாயம் (டிவிடெண்ட்) இவற்றில் ஏதாவது ஒன்றில் 10 சதவீதம் அல்லது அதற்கு மேல் மறைமுகமாகவோ, மறைமுகமும் நேரடியும் சேர்த்தோ ஒருவருக்கு வந்தால் அவர் எஸ்பிஓ. மறைமுகம் என்பதை எப்படிக் கணக்கிடுவது என்பது வட்டமிட்ட பெயரின் வகையைப் பொறுத்தது.

வட்டத்தில் இருப்பது ஒரு கம்பெனி என்றால், அந்தக் கம்பெனியில் பாதிக்கு மேல் யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். அதற்கும் மேலே ஒரு தாய்க் கம்பெனி இருந்தால், உச்சியில் உள்ள கம்பெனி வரை ஏறிப்போய் அங்கே பாதிக்கு மேல் வைத்திருப்பவரைப் பிடிக்க வேண்டும். எங்கள் கம்பெனியில் 40 சதவீதம் ஒரு குடும்பக் கம்பெனியின் பெயரில் இருக்கிறது. அதில் பெரியவரிடம் 51, அவர் மனைவியிடம் 49. பெரியவர் பாதியைத் தாண்டுகிறார், ஆகவே அவர் எஸ்பிஓ.

அதுவே 50–50 என்றிருந்தால்? பாதிக்கு மேல் யாரிடமும் இல்லை, எனவே யாரும் இல்லை என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். அது ஆபத்து. எழுதப்பட்ட ஒப்பந்தமோ வாய்வழிப் புரிதலோ, ஒரே நோக்கத்தோடு சேர்ந்து செயல்படுகிறவர்களை ஒன்றாக வைத்துப் பார்க்க விதியிலேயே இடம் இருக்கிறது. கணவனும் மனைவியும் சேர்ந்து நடத்தும் கம்பெனியில் அப்படி எந்தப் புரிதலும் இல்லை என்று நிரூபிப்பது யாரால் முடியும்? இருவரையும் காட்டிவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

எல்எல்பி விஷயத்தில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். அங்கே பார்ட்னராக இருக்கும் தனிமனிதருக்குப் பாதிக்கு மேல் என்ற கணக்கே கிடையாது. உங்கள் கம்பெனியில் 10 சதவீதமோ அதற்கு மேலோ வைத்திருக்கும் எல்எல்பியில் ஒருவர் பார்ட்னராக இருந்தாலே போதும். அவர் பங்கு எவ்வளவு சின்னது என்று விதி பார்ப்பதில்லை. எங்கள் கம்பெனியில் 22 சதவீதம் ஒரு நில எல்எல்பியிடம் இருக்கிறது. அதில் 30 சென்ட் நிலம் கொடுத்த என் சித்தப்பாவுக்கு வெறும் 4 சதவீதம்தான். அவரும் பட்டியலில் வந்தார்.

டிரஸ்ட் என்றால் வகையைப் பாருங்கள். அறக்கட்டளை, டிரஸ்டி விருப்பப்படி பிரித்துக் கொடுக்கும் டிரஸ்ட் ஆகியவற்றில் டிரஸ்டி. யாருக்கு எவ்வளவு என்று குறிப்பிட்ட டிரஸ்ட்டில் பயனாளி. திரும்பப் பெறக்கூடியதில் அதை ஏற்படுத்தியவர். கூட்டுக் குடும்பம் என்றால் அதன் தலைவரான கர்த்தா.

சதவீதம் எதுவும் இல்லாமலேயே கட்டுப்பாடு இருந்தாலும் கணக்கில் வரும். 2024 மே மாதம் டெல்லி–ஹரியானா கம்பெனிப் பதிவாளர், லிங்க்ட்இன் இந்தியாவுக்கும், லிங்க்ட்இன்னின் தாய்க் கம்பெனியான மைக்ரோசாஃப்ட்டின் தலைவர் சத்யா நாதெல்லா உள்ளிட்டோருக்கும் சேர்த்து 27 லட்சம் ரூபாய்க்கு மேல் அபராதம் போட்ட உத்தரவில், யார் யாருக்குப் பதில் சொல்லி வேலை செய்கிறார்கள் என்பதையும் ஆராய்ந்தார்கள்.

3. கட்டுமானத் தொழிலுக்கே உரிய நான்கு இடங்கள்

ஒன்று, திட்டத்துக்கு ஒரு கம்பெனி. ஒவ்வொரு புராஜெக்ட்டுக்கும் தனிக் கம்பெனி தொடங்கி, தாய்க் கம்பெனியின் பெயரில் பங்கை வைப்பது நம் வழக்கம். தாய்க் கம்பெனியே எஸ்பிஓ விவரம் கொடுக்கும் கம்பெனியாக இருந்தால், துணைக் கம்பெனி மறுபடி தனிமனிதர்களைத் தேட வேண்டியதில்லை. ஆனால் "எங்கள் தாய்க் கம்பெனி இன்னது" என்று பென்-2 ஒன்றைத் தாக்கல் செய்தே ஆக வேண்டும். விலக்கு என்று கேள்விப்பட்டதும் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். விலக்கு தேடலுக்குத்தான், தாக்கலுக்கு இல்லை.

இரண்டு, முதலீட்டாளரின் கடன் பத்திரம். கட்டாயமாகப் பங்காக மாறும் கடன் பத்திரமும், அதேபோல் மாறும் முன்னுரிமைப் பங்கும் இந்த விதிகளுக்குப் பங்காகவே எண்ணப்படும். இன்னும் பங்காக மாறவில்லையே என்று கணக்கில் சேர்க்காமல் விட்டால் சதவீதம் மொத்தமும் தப்பாகிவிடும்.

மூன்று, நில உரிமையாளர். கூட்டு வளர்ச்சி ஒப்பந்தத்தில் நிலம் கொடுத்து, பதிலுக்கு வீடாகவோ விற்பனைப் பணத்தில் பங்காகவோ வாங்கிக்கொள்பவர், அதனால் மட்டும் எஸ்பிஓ ஆவதில்லை. அவர் பெறுவது பங்காதாயம் அல்ல. ஆனால் ஒப்பந்தத்தை ஒருமுறை முழுக்கப் படியுங்கள். கம்பெனியின் பணவரவு, நிர்வாக முடிவுகளில் அவர் சொல்லுக்கு இடம் கொடுக்கும் பிரிவு இருந்தால், கம்பெனி செக்ரட்டரியிடம் காட்டி எழுத்தில் கருத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

நான்காவது, பெயர் இரவல். சைட் மேனேஜர் பெயரிலோ மைத்துனர் பெயரிலோ பங்கை வைத்துவிட்டுப் பணம் வேறொருவர் போட்டிருந்தால், அது 89ஆவது பிரிவு. பெயர் உள்ளவர் எம்ஜிடி-4 படிவமும், உண்மையான உரிமையாளர் எம்ஜிடி-5 படிவமும் கம்பெனிக்குக் கொடுக்க வேண்டும், இருவருக்கும் 30 நாள். அவை கையில் வந்த 30 நாளுக்குள் கம்பெனி எம்ஜிடி-6 தாக்கல் செய்ய வேண்டும். பினாமிச் சட்டமும் குறுக்கே வரும் விஷயம் இது. இப்படி இருந்தால் மேலே எதுவும் செய்வதற்கு முன் வக்கீலைப் பாருங்கள்.

4. பென்-4 நோட்டீஸ் அனுப்புங்கள்

நமக்குத் தெரிந்தவர்கள்தானே, எதற்கு நோட்டீஸ் என்று தோன்றும். கம்பெனி கேட்டது என்பதற்கு உங்களிடம் இருக்கப்போகும் ஒரே ஆதாரம் அதுதான். முதல் படியில் வட்டமிட்ட, 10 சதவீதமோ அதற்கு மேலோ வைத்திருக்கும் ஒவ்வொரு உறுப்பினருக்கும், பின்னால் இருக்கும் எஸ்பிஓ யார் என்று கேட்டு பென்-4 படிவத்தில் நோட்டீஸ் கொடுங்கள். பதிலுக்கு 30 நாள் அவகாசம். பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையைக் கோப்பில் வையுங்கள். மின்னஞ்சலும் ஒன்று போடுங்கள்.

பதிலே வராவிட்டால், அல்லது வந்த பதில் போதாவிட்டால், கெடு முடிந்த 15 நாளுக்குள் கம்பெனி தேசியக் கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்துக்கு மனுப்போட வேண்டும். அந்தப் பங்குகளின் விற்பனை, வாக்குரிமை, பங்காதாயம் ஆகியவற்றை முடக்கத் தீர்ப்பாயத்தால் முடியும். பங்காளிச் சண்டை உள்ள கம்பெனிகளில் இந்த 15 நாளைக் கவனிக்காமல் விட்டு, பதில் தராதவரை விடக் கம்பெனியே பெரிய குற்றவாளியாகிவிடுகிறது. நாட்காட்டியில் சிவப்பு மையால் குறித்து வையுங்கள்.

5. ஆவணங்களும் பென்-1 கையெழுத்தும்

பென்-1 என்பது எஸ்பிஓ தன் கையெழுத்தில் கம்பெனிக்குக் கொடுக்கும் அறிவிப்பு. எஸ்பிஓ ஆன நாளிலிருந்து, அல்லது விவரம் மாறிய நாளிலிருந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். ஒவ்வொருவரிடமும் வாங்க வேண்டியவை: பான் அட்டை, வெளிநாட்டுக் குடிமகன் என்றால் பாஸ்போர்ட், முகவரிச் சான்று, தந்தை பெயர், பிறந்த தேதி, மின்னஞ்சல், எந்தத் தேதியில் எந்த வழியாக இந்த உரிமை வந்தது என்ற விவரம். எல்எல்பி ஒப்பந்தத்தின் நகல், இடையில் உள்ள கம்பெனியின் பங்குதாரர் பட்டியல் ஆகியவற்றையும் கூடவே வாங்கிவிடுங்கள். பிறகு கேட்டால் ஒரு வாரம் போய்விடும்.

பெயர் விஷயத்தில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு தனிச் சிக்கல், இனிஷியல். ஆதாரில் "மு" என்று ஓர் எழுத்து, பானில் தந்தை பெயர் முழுதாக விரிந்து கடைசிப் பெயராக நிற்கும், எல்எல்பி ஒப்பந்தத்தில் இனிஷியலே இருக்காது. படிவத்தில் பெயர் பானில் உள்ளபடிதான் இருக்க வேண்டும். மூன்று காகிதத்தில் மூன்று விதமாக இருந்தால், பென்-1இல் பான் பெயரைப் போட்டு, மற்ற பெயர்களும் இவரே என்று ஓர் உறுதிமொழிக் கடிதம் சேர்த்துக்கொள்ளுங்கள். பானிலேயே பிழை என்றால் முதல் நாளே திருத்தத்துக்கு விண்ணப்பியுங்கள். எங்களுக்கு அது மட்டும் மூன்று வாரம் பிடித்தது.

கையெழுத்து வாங்குவது இன்னொரு கதை. சித்தப்பாவிடம் காகிதத்தை நீட்டியதும் கண்ணாடியைப் போட்டு முதல் பக்கத்தை இரண்டு முறை படித்தார். பேனாவைத் தொடவில்லை. "தம்பி, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா 'உரிமையாளர்'னு போட்டிருக்கிற காகிதத்துல நான் சட்டுனு கையெழுத்து வைக்க மாட்டேன்" என்றார். அவர் பயம் நியாயமானது. நிலத்தைக் கொடுத்தவருக்கு எந்தக் கையெழுத்தும் இன்னொரு கிரயப் பத்திரமாகத்தான் தெரியும். "இது எதையும் எழுதிக் கொடுக்கிறது இல்லைங்க சித்தப்பா. எல்எல்பியில நீங்களும் ஒரு பார்ட்னர்னு அரசாங்கத்துக்குச் சொல்றது மட்டும்தான்" என்று சொல்லி, ஒவ்வொரு வரியையும் தமிழில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டுக் கையெழுத்துப் போட்டார். உங்கள் பட்டியலில் பெரியவர்கள் இருந்தால் தமிழில் ஒரு பக்க விளக்கம் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பையனை அனுப்பாமல் நீங்களே போங்கள்.

பென்-1 கையில் வந்ததும் "பெறப்பட்டது" என்று முத்திரை குத்தித் தேதி போடுங்கள். அடுத்த கெடு அந்தத் தேதியிலிருந்துதான் ஓடுகிறது. தேதியை முன்னுக்குப் பின் மாற்றும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பொய்யான தகவல் என்று வந்துவிட்டால் 447ஆவது பிரிவின் மோசடி வழக்கு, அங்கே சிறைத் தண்டனை உண்டு.

6. பென்-2 தாக்கல்

பென்-1 கிடைத்த 30 நாளுக்குள் கம்பெனி பென்-2வை எம்சிஏ (மத்திய கம்பெனி விவகார அமைச்சகம்) தளத்தில் தாக்கல் செய்ய வேண்டும். படிவத்தை நிரப்ப ஒரு மாலைப்பொழுது போதும். ஆனால் அதற்கு முன் மூன்றைச் சரிபாருங்கள். கையெழுத்திடும் டைரக்டரின் டிஎஸ்சி (டிஜிட்டல் கையெழுத்து) காலாவதி ஆகவில்லையா? அது தளத்தில் அவர் கணக்கோடு இணைக்கப்பட்டிருக்கிறதா? அவருடைய டின் எண் (டைரக்டர் அடையாள எண்) கேஒய்சி செய்யாததால் முடங்கியிருக்கிறதா? இந்த மூன்றில் ஒன்று கோளாறு என்றாலும் கடைசி நாளில் திண்டாட்டம்தான். பிராக்டிஸில் உள்ள ஆடிட்டர், கம்பெனி செக்ரட்டரி, காஸ்ட் அக்கவுண்டன்ட் இவர்களில் ஒருவர் சான்றளிக்கவும் வேண்டும். அவர் டிஎஸ்சியும் தேவை.

அரசுக் கட்டணம் கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட மூலதனத்தைப் பொறுத்தது. ஒரு லட்சத்துக்குக் கீழ் 200 ரூபாய், 5 லட்சத்துக்குள் 300, 25 லட்சத்துக்குள் 400, ஒரு கோடிக்குள் 500, ஒரு கோடியும் அதற்கு மேலும் 600. சான்றளிப்பவரின் ஊதியம்தான் உண்மையான செலவு. எங்களுக்கு எஸ்பிஓக்கள் பலர் என்பதால் எல்லாம் சேர்த்து 15,000 ரூபாய் ஆனது. ஒரே ஒரு எஸ்பிஓ என்றால் இதில் பாதிகூட ஆகாது, பேசி வாங்குங்கள்.

தாக்கல் முடிந்ததும் வரும் எஸ்ஆர்என் என்ற தாக்கல் எண், சலான், படிவத்தின் நகல் மூன்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். வங்கி கேட்டது இந்தக் கோப்பைத்தான்.

7. பதிவேடும் பொறுப்பாளரும்

பென்-3 என்ற பதிவேட்டைக் கம்பெனி வைத்திருக்க வேண்டும். வேலை நாட்களில் இரண்டு மணி நேரமாவது உறுப்பினர்கள் பார்க்கத் திறந்திருக்க வேண்டும். அதற்கு 50 ரூபாய்க்கு மேல் கட்டணம் வாங்கக் கூடாது.

2023 அக்டோபர் 27இல் வந்த திருத்தத்தின்படி, பங்குகளின் பயனுரிமை பற்றிப் பதிவாளர் கேட்டால் பதில் சொல்ல ஒருவரைக் கம்பெனி நியமித்து, ஆண்டறிக்கையில் (ஆனுவல் ரிட்டர்ன்) காட்ட வேண்டும். நியமிக்காமல் விட்டால், கம்பெனி செக்ரட்டரியோ முக்கிய நிர்வாகிகளோ இல்லாத நம்மைப் போன்ற கம்பெனிகளில் எல்லா டைரக்டர்களும் பொறுப்பு. பெயருக்கு டைரக்டராக இருக்கும் உங்கள் அம்மாவும் அதில் சேர்த்தி.

எல்எல்பிக்குள் பார்ட்னர் மாறினால் உங்களுக்கு யாரும் சொல்லப்போவதில்லை. ஒவ்வொரு ஆண்டும் ஆண்டறிக்கை வேலை தொடங்கும்போதே, வட்டமிட்ட பெயர்களுக்கு "மாற்றம் ஏதும் உண்டா" என்று ஒரு கடிதம் போடுங்கள். எல்எல்பிகளுக்கும் இதே மாதிரி எஸ்பிஓ விதிகள் 2023 நவம்பர் 9 முதல் இருக்கின்றன. உங்கள் எல்எல்பியில் ஒரு கம்பெனி பார்ட்னராக இருந்தால் அங்கேயும் தாக்கல் தேவைப்படும்.

8. வங்கிப் பட்டியலும் பென்-2 பட்டியலும் ஒன்றல்ல

என்னைச் சிக்க வைத்த இடம் இதுதான். வங்கி பார்ப்பது பணமோசடித் தடுப்பு விதிகளை. அங்கே 2023 மார்ச் முதல் 10 சதவீதத்துக்கு மேல் என்பதே கணக்கு, நேரடியாகப் பங்கு வைத்திருப்பவரும் அதில் வருவார். எஸ்பிஓவில் 10 சதவீதமே போதும், ஆனால் நேரடியாக மட்டும் வைத்திருப்பவர் வர மாட்டார். அரசு டெண்டரில், இந்தியாவோடு நில எல்லை உள்ள நாடுகள் பற்றிய உறுதிமொழியில் கம்பெனிக்கான அளவு 25 சதவீதத்துக்கு மேல். மூன்று இடத்துக்கும் ஒரே பட்டியலை நகலெடுத்துக் கொடுத்தால் ஓர் இடத்திலாவது தப்பாகும். ஒரே தாளில் மூன்று கட்டம் போட்டு, யார் எதில் வருகிறார், ஏன் வருகிறார் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் இப்போது அந்தத் தாளையே வங்கிக்கு இணைப்பாகக் கொடுத்துவிடுகிறோம், அதற்குப் பிறகு கேள்வி வரவில்லை.

9. ஏற்கெனவே தாமதமாகிவிட்டதா?

முதலில் கூடுதல் கட்டணம். 30 நாள் வரை தாமதத்துக்கு வழக்கமான கட்டணத்தைப் போல் 2 மடங்கு, 60 நாள் வரை 4, 90 நாள் வரை 6, 180 நாள் வரை 10, அதற்கு மேல் 12 மடங்கு. 50 லட்சம் மூலதனம் உள்ள கம்பெனி ஒரு வருடம் கழித்துப் போட்டாலும் 500 ரூபாயும் கூடுதலாக 6,000 ரூபாயும்தான். இதைப் பார்த்து நிம்மதியாகிவிடாதீர்கள், அபராதம் தனி. கம்பெனிக்கு ஒரு லட்சம், பிறகு நாளுக்கு 500 வீதம் 5 லட்சம் வரை. பொறுப்பில் உள்ள ஒவ்வொருவருக்கும் 25,000, நாளுக்கு 200 வீதம் ஒரு லட்சம் வரை. பென்-1 கொடுக்காத எஸ்பிஓவுக்கு 50,000, நாளுக்கு 1,000 வீதம் 2 லட்சம் வரை. அந்த 2 லட்சத்தை ஐந்தே மாதத்தில் தொட்டுவிடும்.

சிறு கம்பெனி என்றால் 446பி பிரிவில் அபராதம் பாதிக்கு மேல் போகாது. ஆனால் தாய்க் கம்பெனியோ துணைக் கம்பெனியோ சிறு கம்பெனி ஆகாது. திட்டத்துக்கு ஒன்றாகத் தொடங்கிய கம்பெனிகளுக்கு இந்தச் சலுகை கிடைக்காமல் போவது இதனால்தான்.

தாமதம் என்று தெரிந்த அன்றே தாக்கல் செய்யுங்கள், நாள் கணக்கு அங்கே நின்றுவிடும். பதிவாளரிடமிருந்து காரணம் கேட்டு நோட்டீஸ் வந்தால், பென்-4 அனுப்பிய தேதிகளையும் பென்-1 முத்திரைத் தேதிகளையும் வரிசையாக வைத்துப் பதில் கொடுங்கள். அபராத உத்தரவே வந்துவிட்டால், அதன் நகல் கையில் கிடைத்த 60 நாளுக்குள் மண்டல இயக்குநரிடம் மேல்முறையீடு செய்யலாம்.